நச்சு சுரக்கும் ஈ. கோலை பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்குவது எப்படி?

ஈ. கோலை என்னும் பாக்டீரியா எல்லாப் பன்றிகளின் குடலிலும் இயல்பாகவே வாழ்கிறது. அப்படியிருக்க, சில ஈற்றுகளில் மட்டும் அது குட்டிகளை ஒரே நாளில் கொன்றுவிடுவது எப்படி என்பதும், இறந்த குட்டியை அறுத்துப் பார்த்தால் குடலில் புண்ணோ இரத்தக்கசிவோ தென்படாதது ஏன் என்பதும்தான் கேள்வி. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. இந்த நோயில் பாக்டீரியா குடலை அரிப்பதில்லை, துளைப்பதில்லை, இரத்தத்துக்குள் பரவுவதும் பெரும்பாலும் இல்லை. குடலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரைச் சுரப்பதற்காகக் குடலே வைத்திருக்கும் ஏற்பாட்டைத் தன் நச்சினால் ஓயாமல் இயங்க வைக்கிறது. குட்டி இறப்பது உடல்நீரும் உப்புகளும் வடிந்துபோவதால். இதை விளங்கிக்கொண்டால் சிகிச்சையில் எதை முதலில் செய்ய வேண்டும், தடுப்பில் எந்த இடத்தில் கைவைக்க வேண்டும் என்பதெல்லாம் தாமாகவே தெளிவாகும்.

முதலில் எந்த ஈ. கோலை என்பதைப் பார்ப்போம். குடலில் வாழும் ஈ. கோலையில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. கழிச்சலை உண்டாக்கும் வகைக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொள்ளும் திறன் ஒன்று, நச்சைச் சுரக்கும் திறன் மற்றொன்று. இவற்றுக்கான மரபணுக்கள் பெரும்பாலும் பாக்டீரியாவின் முதன்மை மரபிழையில் இல்லாமல், பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையங்களில் இருக்கின்றன. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு அவை கைமாறவும் கூடும். வில்லியம்ஸ் ஸ்மித், லிங்கூட் என்னும் ஆய்வாளர்கள் 1971-இல் வெளியிட்ட சோதனைகள் இதை ஐயமற நிறுவின. நோயுண்டாக்கும் ஒரு ஈ. கோலையிலிருந்து ஒட்டும் திறனுக்கான பிளாஸ்மிட்டை நீக்கியபோது அது குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும் ஆற்றலை இழந்தது. திரும்பச் சேர்த்தபோது அந்த ஆற்றலும் திரும்பியது. ஒட்டும் திறனுக்கான பிளாஸ்மிட்டும் நச்சுக்கான பிளாஸ்மிட்டும் சேர்ந்திருந்தால்தான் நோய் முழுமையாக வெளிப்பட்டது. இதற்கு முன்பே கொல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் ஆய்வாளர், முயலின் குடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி அதற்குள் கிருமியைச் செலுத்தினால் அந்தப் பகுதி நீர் நிறைந்து உப்பும் என்பதைக் காட்டியிருந்தார். அதே முறையில் 1959-இல் காலராக் கிருமி வெளியிடும் நச்சையும் அவர் நிறுவினார். இத்துறையில் பின்னர் நடந்த பணிகள் பலவும் அந்தச் சோதனை முறையின் மேல் எழுந்தவையே; அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெயர் அவர் காலத்தில் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

ஒட்டுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். சிறுகுடல் ஓயாமல் அசைந்து, உள்ளே வந்த எதையும் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பற்றிக்கொள்ள இயலாத பாக்டீரியா பெருகுவதற்கு முன்பே வெளியேறிவிடும். அது சுரக்கும் நச்சும் குடல்நீரில் கரைந்து நீர்த்துப்போகும். ஒட்டிக்கொண்ட பாக்டீரியாவோ உள்ளடுக்கின் மேல் போர்வை விரித்தாற்போல் பெருகி, நச்சை உயிரணுவின் முகத்திலேயே விடுகிறது. ஒட்டுவதற்குப் பயன்படுபவை ஃபிம்பிரியா எனப்படும் மிக நுண்ணிய மயிரிழைகள். பன்றிகளில் எஃப்4 (பழைய பெயர் கே88), எஃப்5 (கே99), எஃப்6 (987பி), எஃப்18, எஃப்41 ஆகியவை முக்கியமானவை. ஒவ்வொன்றும் குடல் உயிரணுவின் மேல் தனக்குரிய ஏற்பி, அதாவது தான் பொருந்தி அமரும் மூலக்கூறு, இருந்தால்தான் பற்றும். எஃப்5-க்கான ஏற்பிகள் பிறந்த குட்டியில் நிறைய இருந்து வயது ஏறஏறக் குறைகின்றன. எஃப்18-க்கான ஏற்பி பிறந்த குட்டியில் இல்லை. சுமார் 3 வார வயதையொட்டித்தான் போதுமான அளவுக்குத் தோன்றுகிறது. எஃப்4-க்கான ஏற்பியோ எல்லா வயதிலும் இருக்கும். பிறந்த முதல் சில நாட்களில் எஃப்4, எஃப்5, எஃப்6, எஃப்41 வகைகளும், தாயிடமிருந்து பிரித்தபின் எஃப்4, எஃப்18 வகைகளும் தொல்லை தருவதற்கு இந்த ஏற்பிக் கணக்கே காரணம்.

இனி நச்சுக்கு வருவோம். இவ்வகை ஈ. கோலை வெளியிடும் நச்சுகளை வெப்பத்தைத் தாங்குபவை, தாங்காதவை என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். வெப்பத்தைத் தாங்காதது எல்.டி. எனப்படும், அமைப்பிலும் செயலிலும் காலரா நச்சின் நெருங்கிய உறவு. அதில் ஐந்து சிறு அலகுகள் ஒரு வளையமாக அமைந்து, குடல் உயிரணுவின் மேலுறையிலுள்ள ஜி.எம்.1 என்னும் கொழுப்புச் சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்கின்றன. ஆறாவது அலகு உயிரணுவுக்குள் நுழைகிறது. உள்ளே சென்ற அலகு, அடினைலேட் சைக்ளேஸ் என்னும் நொதியை இயக்கியும் நிறுத்தியும் கட்டுப்படுத்தும் ஜி புரதத்தில் ஒரு வேதிக்கூறை ஒட்டிவிடுகிறது. அத்துடன் அந்தப் புரதம் தன்னை நிறுத்திக்கொள்ளும் திறனை இழக்கிறது. குழாயைத் திறந்துவிட்டுத் திருகையும் பிடுங்கிக்கொண்டு போனாற்போன்ற நிலை அது. நொதி ஓயாமல் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் செய்திப்பொருளை உற்பத்தி செய்கிறது. அதன் மிகுதியால் உயிரணுவின் மேற்புறத்திலுள்ள குளோரைடு வாயில்கள் திறந்துகொள்ள, குளோரைடும் பைகார்பனேட்டும் குடலுக்குள் கொட்டுகின்றன, சோடியம் பின்தொடர்கிறது, உப்பு சென்ற இடத்துக்கு நீரும் செல்கிறது. அதே வேளையில், குடலிலிருந்து சோடியத்தை உள்ளிழுக்கும் வழிகளில் முக்கியமான ஒன்றும் அடைபடுகிறது. வெளியே கொட்டுவது கூடி, உள்ளே இழுப்பது குறைவதால் இழப்பு இரட்டிப்பாகிறது. பாதிக்கப்பட்ட உயிரணு உதிர்ந்து புதியது அதன் இடத்துக்கு வரும்வரை அதன் நிலை இதுதான்.

வெப்பத்தைத் தாங்கும் நச்சுகளில் எஸ்.டி.ஏ. மிகச் சிறியது, வெறும் 18 அமினோ அமிலங்களால் ஆனது. உள்ளே மூன்று கந்தகப் பிணைப்புகள் அதை இறுக்கிக் கட்டியிருப்பதால் கொதிநிலை வெப்பம்கூட அதைக் குலைப்பதில்லை. குடலின் நீர்ச்சமநிலையைப் பேணுவதற்காக உடலே குவானிலின் என்னும் ஒரு சிறு ஹார்மோனைச் சுரக்கிறது, எஸ்.டி.ஏ. அந்த ஹார்மோனின் சாயலைக் கொண்டது. குவானிலினுக்கென்று இருக்கும் ஏற்பியில் இது அமர்ந்து, அதைவிடப் பன்மடங்கு வலுவாகத் தூண்டுகிறது. இங்கே பெருகுவது சைக்ளிக் ஜி.எம்.பி. என்னும் வேறொரு செய்திப்பொருள். ஆனால் முடிவு ஒன்றே, அதே குளோரைடு வாயில் திறக்கிறது. இதன் செயல் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். பிறந்த குட்டிகளில் இதற்கான ஏற்பிகள் மிகுதி. கண் திறந்து பால் தேடும் பொழுதிலேயே குட்டி கழிய ஆரம்பித்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாவதான எஸ்.டி.பி. 48 அமினோ அமிலங்களைக் கொண்டது. அது உயிரணுவுக்குள் கால்சியத்தின் அளவை உயர்த்தி, புரோஸ்டாகிளாண்டின் என்னும் செய்திப்பொருளின் வழியாகவும் பைகார்பனேட் நிறைந்த நீரைச் சுரக்க வைக்கிறது. டிரிப்சின் என்னும் செரிமான நொதி அதை எளிதில் சிதைத்துவிடும்.

இயல்பான நாளிலும் சிறுகுடலுக்குள் நிறைய நீர் சுரக்கத்தான் செய்கிறது. குடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிநிற்கும் குடலுறிஞ்சிகளின் அடிக்குழிகளில் உள்ள உயிரணுக்கள் சுரக்க, நுனியில் உள்ளவை உறிஞ்ச, மிஞ்சியதைப் பெருங்குடல் எடுத்துக்கொள்கிறது. வளர்ந்த பன்றியின் பெருங்குடல் கூடுதல் நீரை ஓரளவு ஈடுகட்டும். சில நாள் வயதுக் குட்டியின் பெருங்குடலுக்கு அந்தத் திறன் இன்னும் வந்திருக்காது. உடல் எடையில் சுமார் நான்கில் மூன்று பங்கு நீராலான அந்தச் சிறு உடலில் கையிருப்பும் குறைவு. கடுமையாகக் கழிந்த குட்டி தன் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை இழக்கக்கூடும். பைகார்பனேட் வெளியேறுவதால் இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. பொட்டாசியத்தின் சமநிலை குலைந்து இதயத்துடிப்பு பாதிக்கப்படுகிறது. இரத்தத்தின் பருமன் குறைந்து உறுப்புகளுக்கு ஓட்டம் தடைப்படுகிறது. இறுதியில் கொல்வது இந்தக் கோளாறுகளின் கூட்டே.

கொட்டிலில் இது எப்படித் தென்படும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைத் தவறவிடுவது எளிது. கழிவு தெளிந்த நீராகவோ வெளிர்மஞ்சளாகவோ இருப்பதால் தரையில் படிந்தவுடன் காய்ந்துவிடும். சிறுநீர் என்றும் நினைத்துவிடலாம். வாலைத் தூக்கிப் பார்த்தால் ஆசனவாயைச் சுற்றிய தோல் ஈரமாகவும் சிவந்தும் இருக்கும், வால் பின்னங்காலோடு ஒட்டியிருக்கும். கண்கள் குழிவிழுந்து, தோல் நீலம்பாரித்து, இடுப்பெலும்பு துருத்தி நிற்கும். மிக வேகமாகத் தாக்கும்போது கழிச்சல் வெளியே தெரிவதற்கு முன்பே, குடலுக்குள் நீர் நிறைந்த நிலையில், குட்டி இறந்துவிடுவதும் உண்டு.

இறந்த குட்டியை உடனே அறுத்துப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். வயிற்றில் தயிர்போல் உறைந்த பால் நிறைந்திருக்கும். கடைசிவரை குட்டி பால் குடித்திருக்கிறது என்று பொருள். சிறுகுடல் தளர்ந்து, சுவர் மெலிந்து, நீரால் விரிந்திருக்கும். குடலைத் தாங்கும் சவ்வை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் கொழுப்பைச் சுமந்து செல்லும் நிணநாளங்கள் வெண்ணிறக் கோடுகளாகத் தெரியும். உறிஞ்சும் வேலை நின்றுபோகவில்லை என்பதற்கு அந்த வெண்கோடுகளே சான்று. நுண்ணோக்கியில் குடலுறிஞ்சிகள் ஏறக்குறைய முழு உயரத்தில் நிற்க, அவற்றின் விளிம்பில் பாக்டீரியாக்கள் வரிசையாக ஒட்டியிருப்பதைக் காணலாம். கொரோனா வைரஸ் வகையைச் சேர்ந்த குடல் நோய்களிலும் ரோட்டா வைரஸ் நோயிலும் படம் வேறு: உறிஞ்சிகள் சிதைந்து குட்டையாகியிருக்கும், நிணநாளங்கள் வெறுமையாக இருக்கும். செரிக்காத பால்சர்க்கரை புளிப்பதால் அந்நோய்களில் கழிவு அமிலத்தன்மை கொண்டிருக்கும். நச்சுக் கழிச்சலிலோ பைகார்பனேட் மிகுதியால் காரத்தன்மை கொண்டிருக்கும். லிட்மஸ் தாளைப் புதிய கழிவில் தொட்டுப் பார்ப்பது இவ்விரண்டையும் பிரிக்க உதவும் எளிய, செலவில்லாத முதற்சோதனை. முடிவான விடைக்குச் சிறுகுடலிலிருந்து பாக்டீரியாவை வளர்த்தெடுத்து, ஒட்டுமயிர், நச்சு ஆகியவற்றின் மரபணுக்கள் உள்ளனவா என்று பி.சி.ஆர். முறையில் பார்க்க வேண்டும். கழிவில் ஈ. கோலை வளர்ந்தது என்ற அறிக்கை மட்டும் எதையும் நிறுவாது. நலமான குட்டியின் கழிவிலும் அது வளரும்.

உறிஞ்சும் பரப்பு சிதையாமல் இருக்கிறது என்ற இந்த ஒரு செய்தியில்தான் சிகிச்சையின் அடிப்படை அடங்கியிருக்கிறது. நச்சு சோடியத்தை உள்ளிழுக்கும் ஒரு வழியை அடைத்தாலும், குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே கொண்டுசெல்லும் வேறொரு வழி தடையின்றி வேலை செய்கிறது. எனவே குளுக்கோஸும் உப்பும் சரியான விகிதத்தில் கலந்த நீரை வாய்வழியே கொடுத்தால், சுரப்பு தொடரும்போதே குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். வெறும் தண்ணீருக்கு அந்த ஆற்றல் இல்லை. காலரா போன்ற கழிச்சல் நோய்களில் கோடிக்கணக்கான மனித உயிர்களைக் காத்த அதே உடலியல் உண்மைதான் இங்கும் வேலை செய்கிறது. கரைசலைத் தாழ்ந்த தட்டில் எப்போதும் புதிதாக வைத்திருக்க வேண்டும். குடிக்க இயலாத குட்டிக்குக் கால்நடை மருத்துவர் வெதுவெதுப்பான நீர்மத்தை ஊசிவழியே வயிற்றறைக்குள், அதாவது குடலைச் சுற்றியுள்ள வெளிக்குள், செலுத்துவார். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஊசிபோட்டுவிட்டோம், இனிப் பிழைத்துக்கொள்ளும் என்று நீரைப் பற்றி நினைக்காமல் விடுவதுதான் பண்ணைகளில் நான் அடிக்கடி காணும் குறை. நுண்ணுயிர்க்கொல்லி பாக்டீரியாவின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஏற்கெனவே உயிரணுவுக்குள் புகுந்துவிட்ட நச்சை அது தொடாது, இழந்த நீரையும் திருப்பித் தராது.

ஒரே கொட்டிலில் ஓர் ஈற்று நலமாக இருக்க, பக்கத்து ஈற்று கழிவது ஏன்? பன்றியின் நஞ்சுக்கொடி அமைப்பு, கிருமிகளை எதிர்க்கும் புரதங்களான தாயின் எதிர்ப்பொருள்களைக் கருவுக்குள் செல்ல விடுவதில்லை. எனவே குட்டி ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பு முழுவதும் சீம்பாலிலிருந்து வருவது. பெரிய புரதங்களைச் சிதைக்காமல் இரத்தத்துக்குள் விடும் குடலின் திறன் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் மூடிக்கொள்கிறது. சீம்பாலில் உள்ள எதிர்ப்பொருளின் செறிவும் குட்டி ஈன்ற முதல் நாளுக்குள்ளேயே பெருமளவு சரிந்துவிடுகிறது. ஒரு குட்டிக்கு முதல் நாளில் குறைந்தது 200 முதல் 250 கிராம் சீம்பால் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அதன் பிறகு பாலில் தொடர்ந்து வரும் ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருள் குடலின் உட்பரப்பிலேயே இருந்து, ஒட்டுமயிர்களைப் போர்த்தி, பாக்டீரியாவை ஒட்டவிடாமல் தடுக்கிறது. தாய்ப்பன்றி அந்த வகை ஈ. கோலையை முன்பே சந்தித்திருந்தால்தான் அதற்கெதிரான எதிர்ப்பொருள் அதன் பாலில் இருக்கும். முதல் ஈற்றுப் பன்றிகளின் குட்டிகளும், வேறிடத்திலிருந்து புதிதாகக் கொண்டுவரப்பட்ட பன்றிகளின் குட்டிகளும் அதிகம் பாதிக்கப்படுவது இதனால்தான். குளிரும் ஒரு பெரிய காரணி. பிறக்கும்போது குட்டியின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. முதல் நாட்களில் அதற்குச் சுமார் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும், தாய்க்கோ 18 முதல் 22 டிகிரி போதும். குளிரில் நடுங்கும் குட்டி மடியைத் தேடிப் போகாது; அதன் குடலசைவும் மந்தமாகி, பாக்டீரியாவை வெளியே தள்ளும் வேகம் குறைந்துவிடும்.

தாயிடமிருந்து பிரிக்கும்போது நிலைமை வேறு விதமாகத் திரும்புகிறது. இயற்கையான சூழலில் பன்றிக்குட்டி பல வாரங்களில் படிப்படியாகப் பாலை மறக்கிறது. பண்ணையில் 3 அல்லது 4 வார வயதில் ஒரே நாளில் பிரிக்கப்படுகிறது. பாலின் எதிர்ப்பொருள் அன்றோடு நின்றுபோகிறது. குட்டியின் சொந்த எதிர்ப்புத் திறன் இன்னும் முதிரவில்லை. ஓரிரு நாள் தின்னாமல் இருப்பதால் குடலுறிஞ்சிகள் குட்டையாகின்றன. பிறகு பசியோடு ஒரேயடியாகத் தின்னும் தீவனம், அமிலச் சுரப்பு போதாத வயிற்றில் சரியாகச் செரிக்காமல் கீழே இறங்கி, பாக்டீரியாவுக்கு இரையாகிறது. போதாக்குறைக்கு எஃப்18-க்கான ஏற்பிகளும் அப்போதுதான் தயாராகின்றன. பிரித்த முதல் இரண்டு வாரங்களுக்குள் வரும் கழிச்சலின் பின்னணி இதுவே. தீவனத்தில் புரதத்தின் அளவைச் சற்றுக் குறைத்துத் தேவையான அமினோ அமிலங்களைத் தனியே சேர்ப்பதும், சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பதும், பிரிக்கும் வயதைக் கூட்டுவதும் பயன் தருகின்றன. கடைசியில் சொன்னதுதான் மிக வலுவான வழி என்று நான் கருதுகிறேன்.

நச்சு சுரக்கும் பாக்டீரியா எல்லாம் இப்படிக் குடலை அப்படியே விட்டுவைப்பவை என்று எண்ணிவிடக் கூடாது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் சி வகை வெளியிடும் பீட்டா நச்சு, உயிரணுச் சவ்வில் துளையிட்டுச் சிறுகுடலின் நடுப்பகுதியை அழுகச் செய்கிறது. கழிவு இரத்தமாக வரும், பிறந்த 1 முதல் 3 நாட்களுக்குள் ஓர் ஈற்றே அழிந்துபோகலாம். இந்த நச்சை டிரிப்சின் எளிதில் சிதைத்துவிடும். ஆனால் எதிர்ப்பொருள்கள் செரித்துவிடாமல் காப்பதற்காகச் சீம்பாலிலேயே டிரிப்சினைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. குட்டியைக் காக்க வந்த அந்தப் பொருளே முதல் சில நாட்களில் பீட்டா நச்சுக்கும் துணைபோய்விடுகிறது. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் முதல் வாரக் குட்டிகளின் பெருங்குடலைத் தாக்கி, அதைத் தாங்கும் சவ்வில் நீர்க்கோவையை உண்டாக்குகிறது. எஃப்18 மயிர் கொண்ட ஈ. கோலையில் ஒரு பிரிவு ஷிகா வகை நச்சைச் சுரக்கிறது. அது இரத்தத்தில் கலந்து நாளங்களைச் சேதப்படுத்துவதால் இமைகள் வீங்கி, நடை தள்ளாடி, நன்கு வளர்ந்த குட்டிகள் திடீரென இறக்கின்றன. அதில் கழிச்சல் இல்லாமலும் போகலாம்.

தடுப்பில் முதலிடம் சினைப்பன்றிக்குப் போடும் தடுப்பூசிக்கு. ஒட்டுமயிர்ப் புரதங்களையும் எல்.டி. நச்சின் தீங்கற்ற வடிவத்தையும் கொண்ட ஊசியை, குட்டி ஈனுவதற்குச் சில வாரங்கள் முன்னதாக முடித்துவிட்டால் சீம்பாலில் எதிர்ப்பொருள் உச்சத்தில் இருக்கும். அந்தப் பாதுகாப்பு பால் குடிக்கும் காலத்தோடு முடிந்துவிடுவதால், பிரித்தபின் வரும் கழிச்சலுக்கு நோயுண்டாக்காத உயிருள்ள எஃப்4, எஃப்18 பாக்டீரியாவை வாய்வழித் தடுப்பு மருந்தாகத் தருகிறார்கள். நெடுங்காலம் தீவனத்தில் கிலோவுக்கு 2500 மில்லிகிராம் என்ற அளவில் துத்தநாக ஆக்சைடு சேர்த்தே பல நாடுகள் இந்நோயைக் கட்டுப்படுத்தின. மண்ணில் துத்தநாகம் சேர்வதையும் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியா பெருகுவதையும் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூன் முதல் அதை விலக்கியது. கொலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைப் பொறுத்தவரை எச்சரிக்கை இன்னும் கடுமையாக வேண்டும். அதற்கு எதிர்ப்பைத் தரும் எம்.சி.ஆர்.-1 மரபணு பிளாஸ்மிட் வழியே பரவுவதை 2015-இல் சீனாவில் கண்டறிந்தார்கள். பன்றிகளிலும் இறைச்சியிலும் மனித நோயாளிகளிடமும் அது இருந்தது. மனிதருக்குக் கடைசிக் கையிருப்பாக உள்ள மருந்தைக் குட்டிகளின் தீவனத்தில் வழக்கமாகக் கலப்பதை எந்தக் காரணம் காட்டியும் நான் ஏற்கமாட்டேன்.

மரபுவழி எதிர்ப்பும் உண்மையானதே. எஃப்.யு.டி.1 மரபணுவில் 307-ஆவது இடத்தில் ஏற்பட்ட ஒரே ஒரு மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குட்டியின் குடலில் எஃப்18 ஒட்டுவதற்கு ஏற்பியே இருப்பதில்லை. எஃப்4-க்கான ஏற்பியைத் தீர்மானிக்கும் பகுதி 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இத்தகைய பன்றிகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கலாம். ஆனால் எஃப்4 விஷயத்தில் ஒரு கண்ணி உண்டு. ஏற்பி உள்ள நிலையே மரபில் ஓங்கியது. ஏற்பியற்ற தாய்க்கு ஏற்பியுள்ள ஆண்பன்றியைச் சேர்த்தால் பிறக்கும் குட்டிகளில் பாதியோ முழுவதுமோ ஏற்பியோடு பிறக்கும். தாயின் குடலில் அந்தப் பாக்டீரியா ஒருபோதும் ஒட்டிப் பெருகியிராததால், அதன் சீம்பாலில் அதற்கெதிரான எதிர்ப்பொருள் போதிய அளவு இருக்காது. நோய்க்கு ஆளாகக்கூடிய குட்டிகள் பாதுகாப்பில்லாத பாலைக் குடிக்கும். ஆகவே மந்தை முழுவதும் ஏற்பியற்றதாக மாறும்வரை, எதிர்ப்புத் திறனுள்ள சினைப்பன்றிகளுக்கும் தடுப்பூசியை விடாமல் போட்டுவர வேண்டும்.